ஓர் எழுத்துக்கு ஐந்து நிமிடம்

மோர்ஸ் குறியீடு தெரியுமா, குட்டி விஞ்ஞானிகளே? புள்ளியும் கோடும்தான் அதன் எழுத்துகள். பழகிய கை ஒரு நிமிடத்தில் இருபது சொற்களை அனுப்பிவிடும். ஆனால் ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களில் சிலர், ‘ஏ’ என்ற ஒரே ஆங்கில எழுத்தை அனுப்ப ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்றேதான்! இந்த முறைக்கு க்யூஆர்எஸ்எஸ் என்று பெயர்.

ஏன் இவ்வளவு மெதுவாக? அவர்கள் தேர்ந்தெடுத்த அலைவரிசை அப்படி. 2007-இல் நடந்த உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு சின்னப் பட்டையை ஹாம்களுக்கு ஒதுக்கியது. அந்த அலையின் நீளம் சுமார் 2,200 மீட்டர். அதற்குச் சரியான கால் அலை ஆன்டெனா கட்டினால் 550 மீட்டர் உயரம் வரும்! திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. ஹாம்களின் பட்டையைவிடவும் தாழ்ந்த அதிர்வெண்ணில் அது இயங்குகிறது. அதற்காக வானளாவிய கோபுரங்களை எழுப்பியிருக்கிறார்கள். ஹாம்களிடம் இருப்பதோ வீட்டுத் தோட்டமும் மரத்தில் இழுத்துக் கட்டிய கம்பியும். அந்தக் கம்பிக்கு நூறு வாட் கொடுத்தாலும் வானொலி அலையாகப் புறப்படுவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் சூடாகிப் போய்விடும். போதாக்குறைக்கு, எங்கோ தொலைவில் வெட்டும் மின்னல்கூட இந்தப் பட்டையில் ‘கரகர’வென்று இரையும்.

பலம் கிடையாது, இரைச்சலோ அதிகம். அதனால் அவர்கள் நேரத்தைச் செலவழிக்கிறார்கள்.

கல்யாண மண்டபத்தில் நூறு பேர் பேசுகிறார்கள். அந்தச் சந்தடியிலும் நாதஸ்வரத்துக்குத் துணையாக வரும் ஒத்தின் ஓசையைக் கண்டுபிடித்துவிடலாம். அது ஒரே சுருதியில் நின்று ஒலிக்கிறது; பேச்சோ எல்லாச் சுருதியிலும் சிதறிக் கிடக்கிறது. அந்த ஒரு சுருதியை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் வடிகட்டினால் ஒத்து தனியே நிற்கும். வானொலியிலும் இதேதான். வேகமான மோர்ஸுக்கு அகலமான வடிகட்டி தேவை, பல ரேடியோக்களில் சுமார் 300 ஹெர்ட்ஸ். ஒரு புள்ளியை மூன்று விநாடி நீட்டினால், ஒரு ஹெர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்கு அகலமே போதும். உள்ளே நுழையும் இரைச்சல் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது! புள்ளியை 10, 30, 60 விநாடி என்று நீட்ட நீட்ட, இன்னும் மெல்லிய சமிக்ஞையும் பிடிபடும்.

இவ்வளவு மெதுவானதைக் காதால் படிக்க முடியாது. ரேடியோவின் ஒலியைக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். ஆர்கோ, ஸ்பெக்ட்ரம் லேப் போன்ற மென்பொருள்கள் அதிலுள்ள அதிர்வெண்களைப் பிரித்துத் திரையில் படமாக வரைகின்றன. இரைச்சல் பொடிப்பொடியாகப் படர்ந்திருக்க, நடுவே குட்டையும் நெட்டையுமாகக் கோடுகள் தெரியும். காதுக்குத் துளியும் கேட்காத சமிக்ஞை கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது ஒரு கணக்கு. மோர்ஸில் கோடு, புள்ளியைப் போல மூன்று மடங்கு நீளம். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளி அளவு இடைவெளி. ‘ஏ’ என்பது ஒரு புள்ளி, ஒரு கோடு. புள்ளி 60 விநாடி என்றால் 60 + 60 + 180, மொத்தம் 300 விநாடி. நான் சொன்ன ஐந்து நிமிடம் சரியாக வந்துவிட்டதா?

இதைச் சுருக்கவும் ஹாம்கள் வழி கண்டார்கள். டிஎஃப்சிடபிள்யூ என்ற முறையில் புள்ளிக்கும் கோட்டுக்கும் ஒரே நீளம்தான்; ஆனால் இரண்டும் வெவ்வேறு அதிர்வெண்ணில் செல்லும். திரையில் ஒன்று சற்றுக் கீழேயும் மற்றொன்று சற்று மேலேயும் தெரியும். ‘ஏ’ இப்போது இரண்டு நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும்.

ஒரு கண்டிப்பான நிபந்தனையும் உண்டு: அனுப்பும் அதிர்வெண் நகரவே கூடாது. நகர்ந்தால் நேர்கோடு கலைந்துபோகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகு என்றால், 10 மெகாஹெர்ட்ஸில் அது 10 ஹெர்ட்ஸ். 136 கிலோஹெர்ட்ஸில் வெறும் 0.136 ஹெர்ட்ஸ். தாழ்ந்த அலைவரிசையும் மெதுவான மோர்ஸும் இப்படி ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. இந்தப் பொறுமையால்தான் ஐரோப்பிய ஹாம்களின் ஒரு வாட் சமிக்ஞை, அட்லாண்டிக்கைத் தாண்டி வட அமெரிக்கக் கணினித் திரைகளில் கோடாக விழுந்தது. ஒரு சின்ன உரையாடலுக்குப் பல இரவுகள்கூட ஆகும். சமிக்ஞை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்ற பதிலையும் ஓ, எம், டி என்ற ஒற்றை எழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள்.

10 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலும் சில ஹாம்கள் பத்தில் ஒரு வாட் சக்தியில் இந்த மெது மோர்ஸை இடைவிடாமல் அனுப்புகிறார்கள். அதைப் பிடித்துப் படமாக இணையத்தில் காட்டும் நிலையங்களுக்குக் ‘கிராபர்’ என்று பெயர். பார்ப்பதற்கு உரிமம் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு கிராபர் படத்தைத் திறந்து, ஒரே ஓர் எழுத்தையாவது படித்துப் பாருங்கள். அனுப்பவும் ஆசை வந்தால், இந்தியாவில் 12 வயது நிறைந்தவர்கள் ஹாம் தேர்வு எழுதலாம்.