யுனிக்ஸ் வழங்கிகளில் காப்புநகல் செயற்றிறன்

காப்புநகல் செயற்றிறன் சீராக்கம் என்பது, யுனிக்ஸ் வழங்கியின் தரவுகளை வலையமைப்பு வழியே வேறொரு கணினிக்கு நகலெடுக்கும் பணி, அன்றாடப் பணிகளைப் பாதிக்காமல் உரிய நேரத்தில் முடியும்படி நினைவக, வலையமைப்பு அமைப்புகளைத் திருத்துதல் ஆகும். பழைய வழங்கிகளில் இரவுக் காப்புநகல் விடிந்தும் நீடிப்பதும், காலையில் நிரல்கள் மந்தமாக இயங்குவதும் பரவலான சிக்கல்கள். பல வேளைகளில் இதற்குக் காரணம் நினைவகப் பற்றாக்குறை அன்று. அது பங்கிடப்படும் முறையே.

நினைவகம்

வன்தட்டிலிருந்து படித்த கோப்புப் பக்கங்கள் மீண்டும் தேவைப்படலாம் என்பதால் இயங்குதளம் அவற்றை நினைவகத்தில் வைத்திருக்கிறது. காப்புநகலிலோ ஒவ்வொரு கோப்பும் ஒரு முறை மட்டுமே படிக்கப்படுகிறது. எனினும் அப்பக்கங்கள் நினைவகத்தை நிரப்பி, தரவுத்தளம் முதலிய நிரல்களின் பக்கங்களை வன்தட்டில் உள்ள இடைமாற்றுப் பரப்புக்குத் தள்ளக்கூடும். காலையில் அவற்றை மீண்டும் படிக்க வேண்டியிருப்பதால் தாமதம் ஏற்படுகிறது.

ஐபிஎம் நிறுவனத்தின் ஏஐஎக்ஸ் 5.3 பதிப்பில், கோப்புப் பக்கங்களின் பங்கைக் குறிக்கும் மின்பெர்ம், மேக்ஸ்பெர்ம் ஆகியவற்றின் இயல்பு மதிப்புகள் முறையே 20, 80 விழுக்காடு. பங்கு இவற்றிற்கு இடையில் இருக்கையில் நிரல்களின் பக்கங்களும் வெளியேற்றப்படலாம். 'எல்ஆர்யூ ஃபைல் ரீபேஜ்' மதிப்பை 0 ஆக்கினால் கோப்புப் பக்கங்கள் மட்டுமே வெளியேற்றப்படும். 2007 இல் வெளியான 6.1 பதிப்பில் 3, 90, 0 ஆகியன இயல்பு மதிப்புகளாயின. சன் நிறுவனம் 2000 இல் வெளியிட்ட சோலாரிஸ் 8 பதிப்பில் கோப்புப் பக்கங்களுக்குத் தனிப் பட்டியல் அமைத்து இச்சிக்கலைக் குறைத்தது.

வலையமைப்பு

டிசிபி நெறிமுறையில், பெறுநரின் ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய தரவின் அளவு சாளரம் எனப்படும். விரிவாக்கம் இல்லாத நிலையில் இதன் உச்சம் 65,535 பைட்டுகள். தரவு சென்று ஒப்புகை திரும்பும் நேரம் 10 மில்லிநொடி எனில், 1 கிகாபிட் இணைப்பிலும் நொடிக்கு ஏறத்தாழ 6.5 மெகாபைட்டே ஓர் இணைப்புத் தொடர்பில் செல்லும். 100 கிகாபைட்டுக்கு 4 மணி நேரத்துக்கு மேலாகும். அவ்விணைப்பை நிரப்ப 1.25 மெகாபைட் சாளரம் தேவை. 1992 இல் வெளியான ஆர்எஃப்சி 1323 இதற்கான சாளர விரிவாக்கத்தை வரையறுத்தது. இதனை இரு முனைகளிலும் இயக்க வேண்டும்.

அளவிடல்

ஏஐஎக்ஸில் 'விஎம்ஸ்டாட்' கட்டளை காட்டும் இடைமாற்று எண்கள் காப்புநகலின்போது தொடர்ந்து உயர்ந்திருந்தால் நினைவகத்தையும், அவை சுழியமாக இருந்தும் வேகம் குறைந்தால் வன்தட்டையும் வலையமைப்பையும் ஆராய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மதிப்பை மட்டும் மாற்றி, முன்னும் பின்னும் அளவிடுதல் நன்று. விரைவாக முடிந்த காப்புநகலும் மீட்டெடுத்துச் சோதிக்கப்பட்ட பின்னரே நம்பத்தக்கது.