இரண்டு காதுகள், ஐந்து ஒலிபெருக்கிகள்

சிராங்கூன் சாலை நடைபாதையில் ஓர் ஓரமாக நின்று கண்களை மூடிக்கொள்ளுங்கள். வீரமாகாளியம்மன் கோயில் மணி எந்தப் பக்கம், பேருந்து எந்தப் பக்கம், பூக்கடைக்காரரின் குரல் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். இத்தனைக்கும் நமக்கு இருப்பவை இரண்டே காதுகள்!

அந்தக் காதுகளுக்குப் போக்குக் காட்டி, வீட்டு வரவேற்பறையையே திரையரங்காக மாற்றுவதுதான் ‘சரவுண்ட் சவுண்ட்’ எனப்படும் சூழொலி. ஐந்து ஒலிபெருக்கிகளை வாங்கி வருவது எளிது. எதை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் செலவழித்த வெள்ளி வீண்தான்.

காது போடும் கணக்கு

30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்கிறது. வலப்பக்கத்து ஒலி வலக்காதைத் தொட்டு, ஏறக்குறைய 0.6 மில்லிநொடி கழித்தே இடக்காதை அடையும். இந்தச் சிறு இடைவெளியைக் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. கீச்சொலிகளைத் தலை மறைப்பதால் மறுகாதில் அவை சற்று மெலிந்தும் கேட்கும். முன்னா பின்னா என்று அறிய வெளிக்காதின் மடிப்புகள் உதவுகின்றன.

இதைப் புரிந்துகொண்டு பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931இல் ஸ்டீரியோ ஒலிக்குக் காப்புரிமை கோரினார். 1940இல் டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’ பலவழி ஒலியுடன் திரைக்கு வந்தது. தமிழில் 1995இல் வெளியான ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ ஒலியைப் பயன்படுத்தியது.

5.1 என்பது என்ன?

முன்னால் இடம், நடு, வலம் என மூன்று, பின்னால் இரண்டு, ஆக ஐந்து. மீதமுள்ள ‘.1’ என்பது அதிர்வொலியை மட்டும் தரும் சப்வூஃபர். வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில்தான் வரும்.

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இவற்றுக்குக் கோணங்களைப் பரிந்துரைத்துள்ளது. நீங்கள் நேராகத் திரையைப் பார்த்தால், முன் ஒலிபெருக்கிகள் இருபுறமும் 30 டிகிரியில் இருக்க வேண்டும். ஒரு கயிறு போதும். இரண்டு முன் ஒலிபெருக்கிகளும் உங்கள் இருக்கையும் சமபக்க முக்கோணமாக அமைந்தால் 30 டிகிரி தானாக வந்துவிடும். பின் ஒலிபெருக்கிகளுக்கு 100 முதல் 120 டிகிரி. அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால்.

சப்வூஃபருக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் அதிகம். காதுகளுக்கு இடையிலான தூரம் அதன் முன் மிகச் சிறியது. ஆகவே அது எங்கிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிவது கடினம். மூலையில் வைத்தால் அதிர்வு கூடிப்போகும் என்பதை மட்டும் நினைவில் கொள்க.

சிறிய வீட்டின் சிக்கல்

வீவக வீடுகளில் சோஃபா பெரும்பாலும் சுவரை ஒட்டியே இருக்கும். முன் ஒலிபெருக்கி 2.5 மீட்டர் தூரத்திலும் பின் ஒலிபெருக்கி 1 மீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்பக்க ஒலி 4.3 மில்லிநொடி முன்னதாக வந்துவிடும். முதலில் வரும் ஒலியின் திசையையே மூளை நம்பும். இதை ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து விளக்கினார். அதனால் முன்னே கேட்க வேண்டிய ஒலியும் முதுகுப்பக்கம் இழுபடும்.

இதற்குத் தீர்வு இலவசம். அளவு நாடாவால் தூரத்தை அளந்து, ரிசீவரின் அமைப்புப் பகுதியில் பதியுங்கள். அது பின் ஒலியைத் தேவையான அளவு தாமதப்படுத்தும். பிறகு ஐந்தும் ஒரே அளவில் கேட்கும்படி ஒலியைச் சரிசெய்யுங்கள்.

குறைந்த செலவில் ஒரு வழி

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர், மின்னணு உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றது. அருகில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையும் 2017 ஜூலை 10 வரை இயங்கியது. கணினிகளுக்கு நல்ல ஒலியைத் தந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையை 1989இல் உருவாக்கியதும் சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவ்தான்.

ரிசீவரே இல்லாமல் ஒரு வழி உண்டு. 1970 வாக்கில் அமெரிக்கரான டேவிட் ஹாஃப்லர் பரப்பிய முறை அது. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரின் இடது, வலது நேர்முனைகளுக்கு இடையே, தொடராக இணைத்த இரு பின் ஒலிபெருக்கிகளைப் பொருத்துவார்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி வரும் வசனம் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். மழை, கூட்டத்தின் இரைச்சல் போன்ற வேறுபாடுகள் மட்டும் பின்னால் கேட்கும். வெறும் கழித்தல் கணக்கு!

ஆனால் கவனம்: இரு பக்கத்துக்கும் எதிர்முனை பொதுவாக உள்ள ஆம்ப்ளிஃபையருக்கே இது பொருந்தும். இன்றைய சிறிய ஆம்ப்ளிஃபையர்கள் பல அவ்வகை அல்ல, பழுதாகிவிடலாம். கையேட்டைப் படித்து, விவரமறிந்த பெரியவரின் துணையோடு, மின்சாரத்தைத் துண்டித்த பிறகே செய்யுங்கள்.

அண்டை வீட்டாரும் காதுள்ளவர்களே

குறைந்த அதிர்வெண் ஒலியைச் சுவர்கள் எளிதில் தடுப்பதில்லை. சப்வூஃபரைத் தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வைத்தால் தரை வழியே இறங்கும் அதிர்வு குறையும். இரவில் அதன் ஒலியைக் குறைத்துவிடுங்கள். அக்கம்பக்க இரைச்சல் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரமாக இருக்கலாம் என 2022இல் பரிந்துரைத்தது.

செய்து பாருங்கள்

ஸ்டீரியோவில் ஒருவர் பேசும் பதிவை ஒலிக்கவிட்டு, நடுவில் அமர்ந்து கேளுங்கள். குரல் நட்டநடுவில் நிற்கும். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஒலிபெருக்கியில் மட்டும் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை இடம் மாற்றுங்கள். மீண்டும் கேட்டால் குரல் கலைந்து, அடித்தொனி மெலிந்திருக்கும். ஓர் ஒலிபெருக்கி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுப்பதே காரணம். புதிய ஒலிபெருக்கி வாங்கும் எண்ணம் வந்தால், முதலில் வீட்டில் இருப்பதன் கம்பிகள் சரியாக இணைந்துள்ளனவா என்று பாருங்கள்.