யானை தீவனத்தை விழுங்கிய உண்ணிச்செடி: யானையாகவே மாற்றிய பழங்குடியினர்

கூடலூர்:
நீலகிரி காடுகளுக்கு பெரிய தலைவலி உண்ணிச்செடி. கலர் கலராக பூக்கிறதே என்று 1800-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுக்காக இந்தியாவுக்கு கொண்டு வந்தது. இப்போது முதுமலை வரை புதர் மண்டிக் கிடக்கிறது. அது படர்ந்த இடத்தில் புல் எழும்பாது. மான், காட்டெருமை, யானைக்கு தீவனம் போச்சு. வெட்டிவிட்டால் மறுபடியும் துளிர்க்கும், வேரோடு பிடுங்கணும்.

இந்த செடியைத்தான் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மக்கள் பிழைப்பாக்கி இருக்கிறார்கள். தண்டை வேகவைத்து, தோலுரித்து, கம்பி சட்டத்தில் வளைத்துக் கட்டினால் நிஜ அளவில் யானை ரெடி. இந்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் அமெரிக்காவுக்கும் போயின.

சரி, காட்டில் கைவைக்க இவர்களுக்கு உரிமை உண்டா? 2006-ம் ஆண்டு வன உரிமை சட்டப்படி, காட்டை பாதுகாக்கும் அதிகாரம் கிராமசபைக்கு உண்டு. உரிமை கேட்கும் மனுவும் அங்கேதான் தொடங்கணும். கடைசி முடிவு கலெக்டர் தலைமையிலான குழுவிடம். ஆனால் தமிழ்நாட்டில், கோர்ட்டு அனுமதி இல்லாமல் பட்டா தரக்கூடாது என்று ஐகோர்ட்டு 2008-ல் இடைக்கால உத்தரவு போட்டது. சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கியது 2016-ல். எட்டு வருஷம் வீணாப்போச்சு. பக்கத்து கர்நாடகத்தில், பிலிகிரிரங்கன் மலை சோளகர்களுக்கு 2011-லேயே புலிகள் காப்பகத்துக்குள் சமூக வன உரிமை கொடுத்துவிட்டார்கள்.