வெங்காயச் சருகில் என்ன இருக்கு?



நம்ம பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயப் பட்டறையைப் பார்க்காதவங்க யாரும் இருக்க மாட்டாங்க. விலை வந்ததும் பட்டறையைப் பிரித்து, தாள் அரிந்து, சருகு நீக்கி மூட்டை பிடிப்பார்கள். எங்க அம்மாவும் அந்தக் கூலி வேலைக்குப் போறாங்க. சாயங்காலம் வரும்போது தலை முடியெல்லாம் சருகாக இருக்கும். வெங்காயம் லாரி ஏறிப் போய்விடும். சருகு மட்டும் குவிந்து கிடந்து, ரோடெல்லாம் பறந்து, கடைசியில் தீ வைப்பார்கள். அந்தப் புகையில் கண் எரியுது.

மாட்டுக்குப் போடலாமே என்று கேட்பீர்கள். வெங்காயக் கழிவை நிறையத் தின்றால் மாட்டுக்கு ரத்த சிவப்பணுக்கள் உடைந்து ரத்த சோகை வரும். அதனால் அதுவும் முடியாது.

ஆனால் நாம் எரிக்கிற சருகில்தான் குவர்செட்டின் என்ற பொருள் இருக்கிறது. நாம் சாப்பிடும் உள் சதையை விட வெளிச் சருகில் அது பல மடங்கு அதிகம். இது ஒரு எதிர் ஆக்ஸிஜனேற்றி.

அப்படியென்றால் என்ன? முறுக்கை டப்பாவில் போட்டு நாளானால் சிக்கு வாடை வருதில்லையா? எண்ணெயை ஆக்ஸிஜன் தாக்குவதால் வருவது அது. அப்போது ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு சில துகள்கள் உண்டாகின்றன. இவற்றுக்குத் தனி உறுப்புகள் என்று பெயர். ஒரு தனி உறுப்பு பக்கத்து மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். பறிகொடுத்தது சும்மா இருக்குமா? அது அடுத்ததிடம் பிடுங்கும். இப்படியே சங்கிலியாகப் போகும். குவர்செட்டின் தன் ஹைட்ரஜனைத் தானே கொடுத்துவிடும். கொடுத்த பிறகும் அடுத்ததிடம் போய்ப் பிடுங்காது. சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

வெங்காயம் இதையெல்லாம் நமக்காகச் செய்து வைக்கவில்லை. 1929-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் லிங்க், ஏஞ்சல், வாக்கர் என்ற மூவர், வெள்ளை வெங்காயத்தைத் தாக்கும் ஒரு பூஞ்சை நிறமுள்ள வெங்காயத்தை ஏன் விட்டுவிடுகிறது என்று ஆராய்ந்தார்கள். நிறச் சருகில் இருந்த புரோட்டோகேட்டெகுயிக் அமிலம்தான் பூஞ்சையைத் தடுத்தது. குவர்செட்டின் ஆக்ஸிஜனேற்றம் அடையும்போதும் இந்த அமிலம் உண்டாகும். சருகு என்பது வெங்காயத்துக்குக் காவல்.

இதைப் பிரித்து எடுப்பது எப்படி? குவர்செட்டின் தண்ணீரில் லேசில் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால் சருகை உலர்த்திப் பொடித்து, எத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைசலில் சூடாக ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே அதைக் காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்தலாம். மீதித் தண்ணீரையும் வற்றவைத்தால் பழுப்புப் பசை நிற்கும். நம்ம பாடத்தில் வருகிற பிரித்தெடுத்தல்தான் இது!

சிக்கல் வேறு இடத்தில் இருக்கு. சருகில் மண், கரும்பூசணம், பூச்சிமருந்து எல்லாம் ஒட்டியிருக்கும். மருந்தும் எத்தனாலில் கரைந்து பசையில் சேர்ந்துவிடலாம். தரையைக் கூட்டி அள்ளிய சருகு இதற்கு ஆகாது. தார்ப்பாய் விரித்து, பூசணம் இல்லாததைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அதையும் எங்க அம்மா மாதிரி பெண்கள்தான் செய்யணும். அப்படிச் செய்தால் அதற்குத் தனிக் கூலி கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று. எதிர் ஆக்ஸிஜனேற்றி என்றால் எல்லா நோயும் தீரும் என்று விளம்பரம் வருது. நம்பாதீங்க. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது என்று 1994-ல் வெளியிட்டார்கள். அதனால் சருகுச் சாற்றை மருந்தாக விற்பதை விட, எண்ணெய் கெடாமல் காக்கவும் துணிக்குச் சாயம் போடவும் பயன்படுத்தலாம் என்றே எனக்குத் தோணுது. எண்ணெயில் சேர்ப்பதென்றாலும் முதலில் சோதித்து அனுமதி வாங்கணும்.

சாயம் மட்டும் நாமே செய்யலாம். எத்தனால் தீப்பிடிக்கும், வேண்டாம். இரண்டு கைப்பிடி சருகைக் கழுவி, தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். பெரியவங்க யாராவது அடுப்புப் பக்கத்தில் இருக்கட்டும். அந்தச் சாற்றில் நனைத்த துணிகளைத்தான் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். மேலே இருப்பது சும்மா நனைத்தது. கீழே இருப்பது முதலில் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு நனைத்தது. இரண்டையும் துவைத்துத்தான் ஒட்டினேன். எது வெளுத்திருக்கு என்று நீங்களே பாருங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி