வீட்டுத் திண்ணையிலே தபால் ஆபீஸ்!

பாரிவாக்கத்தில் பஸ் ஏறிக் கோட்டைக்குப் போய்ப் பார்ப்பது மட்டும்தான் சர்க்கார் வேலையா? வீட்டில் இருந்தபடியே பார்க்கும் வேலையும் உண்டு. அதுதான் கிராமக் கிளை போஸ்ட் மாஸ்டர் வேலை.

தினம் 4 அல்லது 5 மணி நேரம். ஆபீசுக்கு இடம் அவரே தர வேண்டும். பலர் சொந்த வீட்டிலேயே நடத்துகிறார்கள். ஜீவனத்துக்கு வேறு தொழிலும் செய்யலாம். முழு நேர ஊழியரின் அந்தஸ்து மட்டும் கிடையாது. அது அவர்களுடைய நெடுநாள் குறை.

10-ம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். தமிழ், கணக்கு, கம்ப்யூட்டர் தெரிய வேண்டும். சைக்கிளும் ஓட்டத் தெரிய வேண்டும்!

நாட்டின் 1 லட்சத்து 29 ஆயிரம் கிளை ஆபீசுகளுக்குக் கைக்கருவி கொடுக்கும் 'தர்ப்பண்' திட்டம் 2017 டிசம்பரில் தொடங்கியது. 2018 செப்டம்பர் 1-ந் தேதி தபால் வங்கியும் வந்தது. நோட்டில் கணக்கு எழுதியவர்கள் கருவியில் பதியக் கற்றார்கள். இப்போது விரல் ரேகை வைத்தால் வாசலிலேயே பணம்.

கஷ்டமான பாடம் வேறே. மேலதிகாரி பக்கத்தில் இல்லை. படிக்கத் தெரியாத பாட்டி நம்பி விரலை வைக்கிறாள். தொகையை உரக்கச் சொல்லி, அவள் கையிலே எண்ணிக் கொடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளே! பாட்டியின் செல்போனுக்கு வங்கித் தகவல் வந்தால், உடனே படித்துச் சொல்லுங்கள்.