பெயரும் காதலும்

ஒருவருடைய பெயர் அவரைப் பற்றி எவ்வளவு அறிவிக்கிறது, எவ்வளவு மறைக்கிறது? மிஷேல் லெக்லேர் இயக்கி 2010-இல் வெளிவந்த, 'மக்களின் பெயர்' எனப் பொருள்படும் பிரெஞ்சு நகைச்சுவைப் படம் இதனையே வினவுகிறது.

அல்ஜீரியத் தந்தைக்குப் பிறந்த பாஹியா, வலதுசாரிகளைக் காதலித்தே இடதுசாரிகளாக்க முனைபவள்; நா அடங்காதவள். அவள் விரும்பும் ஆர்தர் மார்ட்டினோ எதிலும் எச்சரிக்கை மிக்கவர். அவர் பெயரைக் கேட்டோர், அதே பெயருடைய சமையல் அடுப்பை நினைத்து நகைப்பர். அச்சாதாரணப் பெயருக்குப் பின்னே ஆஷ்விட்ஸில் மாண்ட யூதப் பாட்டனும் பாட்டியும் உளர். அவருடைய தாய் அதுபற்றி வாய் திறப்பதில்லை. வீட்டு விருந்தில் எச்சொற்களைத் தவிர்க்க வேண்டுமோ, அவையே பாஹியாவின் நாவில் வந்து விழுகின்றன. நாம் சிரிக்கிறோம், அத்தாயை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

பாஹியாவாக நடித்த சாரா ஃபோரெஸ்டியே 2011-இல் சேசார் விருது பெற்றது தகும். எனினும், நம் நெஞ்சில் தங்குபவர் அந்தத் தாயே.