ஈரத் துண்டும் லண்டன் குளிரும்

நவம்பர் மாத லண்டனில், காலையில் துவட்டிப் போட்ட துண்டை மறுநாள் காலை எடுத்தால் இன்னும் சில்லென்றே இருக்கும். கொடி கட்ட மொட்டை மாடி கிடையாது, அடிக்கும் வெயிலிலும் சூடு கிடையாது. ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வருடத்தில் ஐந்தாறு மாதப் பாடு. ஈழத்தவர் வீட்டில் துவாய், தமிழ்நாட்டுக்காரர் வீட்டில் துண்டு. மூன்றாம் நாள் இரண்டிலும் அதே முடை நாற்றம்தான்.

அந்த நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவை 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். பெயர் மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ். துவைத்த பிறகும் நூலிழைகளில் தங்கி, ஈரம் நீடிக்க நீடிக்கப் பெருகக்கூடியது. ஆகவே துண்டு சீக்கிரம் காயவேண்டும். சூடு அதற்கு ஒரு வழி, அவ்வளவே.

பிரிட்டிஷ் குளியலறைகளில் சுவரோடு ஏணிபோலக் குழாய் வரிசை ஒன்று இருப்பது வழக்கம். பாய்லர் சுடுநீர் அதில் ஓடும்வரை துண்டு காயும். வசந்தத்தில் ஹீட்டிங்கை அணைத்துவிட்டால் அது வெறும் கம்பி. வாடகை வீட்டில் சுவரைத் துளைத்துப் புதிதாக ஒன்று மாட்டவும் முடியாது. இதனால்தான் தரையில் நிறுத்தி ப்ளக்கில் செருகும் மின்சார டவல் ஸ்டாண்டைப் பலரும் தேடுகிறார்கள்.

ஆனால் செருகுவது எங்கே? அந்த நாட்டுக் குளியலறைகளில் விளக்குக்கே பெரும்பாலும் உள்சுவரில் ஸ்விட்ச் இருக்காது. கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுக்கவேண்டும். பி.எஸ். 7671 என்ற மின்கம்பி விதிகளின்படி, குளியல் தொட்டி அல்லது ஷவர் பகுதியின் விளிம்பிலிருந்து 2.5 மீட்டருக்குள் சாதாரண ப்ளக் பாயின்ட் வைக்கக்கூடாது. 2022-இல் திருத்துவதற்கு முன் அது 3 மீட்டர். பல குளியலறைகளின் மொத்த நீளமே 2.5 மீட்டர் வராது. சவர மெஷினுக்கான சிறு சாக்கெட் இதற்கு உதவாது. எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுப்பது உயிரோடு விளையாடுவது. ஸ்டாண்டில் ‘ஐ.பி.எக்ஸ்.4’ என்று எழுதியிருந்தால் தெறிக்கும் நீரை அந்தச் சாதனம் தாங்கும் என்று பொருள்; அதன் ப்ளக்கும் தாங்கும் என்று பொருளல்ல. எனவே இந்த ஸ்டாண்டுக்கு உரிய இடம் படுக்கையறை அல்லது மாடிப்படி முகப்பு. கடைக்குப் போகுமுன் அங்கே அளவெடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது அகலம். கடையில் யாரும் கேட்காத கேள்வி இது, ஆனால் துண்டு காய்வது இதில்தான் இருக்கிறது. பெரிய டர்க்கி டவல் 70 செ.மீ. அகலம், 140 செ.மீ. நீளம் இருக்கும். தரையில் நிற்கும் ஸ்டாண்டுகள் பல 50, 55 செ.மீ. அகலத்தோடு முடிந்துவிடுகின்றன. துண்டை நெடுக்காக மடித்துத்தான் போடவேண்டும்; கம்பியின் இருபுறமும் இரட்டை மடிப்பு. இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் கம்பியை ஒட்டிய பட்டை மட்டும் இதமாக, மொடமொடவென்று இருக்கும். மடிப்புக்குள் விரலை விட்டால் ஈரம். தடித்த கரை இன்னும் சொதசொதவென்றே இருக்கும். ஒற்றையாக விரித்துப் போட இடமுள்ள, கம்பிகளுக்கிடையே கை தாராளமாக நுழையும் ஸ்டாண்டே தேவை. கம்பிகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

வாட் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டருக்கு 500 கிராம் எடையுள்ள துணியில் அந்த அளவு டவல் ஏறக்குறைய அரை கிலோ வரும். மெஷினில் பிழிந்தெடுத்த பிறகும் அதில் கால் லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கலாம். அதை ஆவியாக்க மட்டுமே சுமார் 0.17 யூனிட் மின்சாரம் வேண்டும். 100 வாட் ஸ்டாண்ட் தன் சூடு முழுவதையும் துண்டுக்கே கொடுத்தாலும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பாதிச் சூடு அறைக்காற்றுக்குப் போவதால் உண்மையில் மூன்று நான்கு மணி நேரம். நான்கு மணி நேரத்துக்கு 0.4 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் பத்து பென்ஸ். மறந்துபோய் நாள் முழுக்க ஓடவிட்டால் அறுபது பென்ஸ், மாதத்துக்குப் பதினெட்டு பவுண்ட். டைமர் இல்லாத ஸ்டாண்ட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பளபளக்கும் குரோம் பூச்சு பெயிண்ட் அடித்த பரப்பைவிடக் குறைவாகவே வெப்பத்தை வீசும். பூச்சு உரிந்தால் அடியிலுள்ள இரும்பு துண்டில் துருக்கறை ஏற்றும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீண்ட நாள் உழைக்கும், அலுமினியம் சீக்கிரம் சூடேறும். தவழும் குழந்தை உள்ள வீட்டில், ஈரத் துண்டு ஒரே பக்கம் தொங்கினாலும் சாயாத கனமான அடிப்பாகம் வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி அனுப்புவது அங்குள்ள 120 வோல்ட்டுக்குச் செய்தது. 230 வோல்ட்டில் செருகவே கூடாது.

துண்டை விட்டுப்போன தண்ணீர் எங்கும் மறைந்துவிடுவதில்லை. நான்கு டவல் துவைத்துக் காயப்போட்டால் ஒரு லிட்டர் நீர் அந்த அறைக்காற்றில் கலக்கிறது. இரவில் குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் அது முத்துமுத்தாக வழியும். சில வாரங்களில் சட்டத்தின் ஓரம் கரும்பூஞ்சை பிடிக்கும். ஸ்டாண்ட் ஓடும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கவேண்டும், அல்லது ஈரப்பதம் உறிஞ்சும் மெஷினைப் பக்கத்தில் வைக்கவேண்டும்.

ஊரிலிருந்து சூட்கேஸில் மடித்துக் கொண்டுவந்த ஈரிழைத் துண்டு வீட்டில் இருக்கிறதா? மெல்லிய துணி, கொஞ்சமாகவே நீர் பிடிக்கும். அதற்குச் சிறிய ஸ்டாண்டே போதும். டைமரையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம்.